ஜாஸ் கிட்டார் சோலோவைக் கீழிருந்து கேட்பது எப்படி? பேஸ் வாசிப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நான் பேஸ் கிட்டார் வாசிக்க ஆரம்பித்து இரண்டு வருடம் ஆகியிருந்த சமயம். நண்பன் வீட்டு மாடி அறையில் மூன்று பேர் சேர்ந்து வாசித்துக்கொண்டிருந்தோம். கிட்டார் வாசிப்பவன் சோலோ எடுத்தான். நான் ஜி நோட்டில் நின்றுகொண்டிருக்கும்போது அவன் ஏ ஃப்ளாட்டை நீட்டிப் பிடித்தான். காதுக்கு நெருடியது. அவன் வேறு கார்டுக்குப் போகிறான் போல என்று நினைத்து நானும் ஏ ஃப்ளாட்டுக்கு நகர்ந்தேன். உடனே வாசிப்பதை நிறுத்திவிட்டான். "நீ ஏன்டா நகர்ந்தே? நீ ஜியிலேயே நின்னாத்தான் என் நோட்டுக்கு அர்த்தம்" என்றான்.

அவன் சொன்னது முழுதாகப் புரிய எனக்கு இன்னும் ஒரு வருடம் ஆனது. அந்த ஒரு வருடத்தை உங்களுக்கு மிச்சப்படுத்தத்தான் இதை எழுதுகிறேன்.

ஜாஸ் தியரி என்று தேடினால் கிடைப்பதெல்லாம் கிட்டார் வாசிப்பவருக்கோ பியானோ வாசிப்பவருக்கோ எழுதப்பட்டவை. "இந்தக் கார்டுக்கு இந்த ஸ்கேல்" என்று பட்டியல் போடுவார்கள். பேஸ் வாசிப்பவருக்கு அந்தப் பட்டியல் பாதி உதவிதான் செய்யும். நமக்கு வேண்டியது வேறு. மேலே ஒருவர் சோலோ வாசிக்கும்போது அவர் எங்கே இருக்கிறார், எங்கே போகப் போகிறார், அந்த நேரத்தில் நாம் வாசிக்கும் நோட் அவருடைய நோட்டை என்ன செய்கிறது என்பது தெரிய வேண்டும்.

தேவையானவை: நான்கு தந்தி பேஸ், வழக்கமான ஈ-ஏ-டி-ஜி ட்யூனிங், பதிவு செய்ய ஒரு போன், போனிலேயே ஒரு கீபோர்டு ஆப். பன்னிரண்டாம் ஃப்ரெட் வரை நோட்டுகளின் பெயர் தெரிந்திருக்க வேண்டும். மேஜர் ஸ்கேல் தெரிந்தால் போதும். மற்றதைப் போகப் போகப் பார்க்கலாம்.

ஸா நகர்ந்துகொண்டே இருக்கும்

நம் ஊரில் வளர்ந்த காதுக்கு இந்த விஷயத்தில் ஒரு வசதியும் உண்டு, ஒரு சிக்கலும் உண்டு. கச்சேரியில் தம்பூரா முதலிலிருந்து கடைசிவரை ஸா-பா சொல்லிக்கொண்டே இருக்கும். பாடகர் எங்கே போனாலும் அந்த ஸாவை வைத்துத்தான் அது ரிஷபமா காந்தாரமா என்று நமக்குத் தெரிகிறது. ஒரு ஸ்வரத்துக்குத் தனியாக அர்த்தம் கிடையாது, ஸாவிலிருந்து எவ்வளவு தூரம் என்பதுதான் அர்த்தம் என்பதை நாம் சின்ன வயதிலிருந்தே கேட்டுப் பழகியிருக்கிறோம். இது வசதி.

சிக்கல் என்னவென்றால், ஜாஸில் அந்த ஸா ஒரு இடத்தில் நிற்காது. ஒவ்வொரு கார்டுக்கும் ரூட், அதாவது கார்டுக்குப் பெயர் தரும் அடி நோட், மாறும். அந்த ரூட்டைச் சொல்வது பெரும்பாலும் பேஸ். அதாவது நீங்கள்தான் தம்பூரா, ஆனால் பாருக்கு ஒருமுறை இடம் மாறும் தம்பூரா. கர்நாடக இசையில் கிரக பேதம் என்று ஒன்று உண்டு. அதே ஸ்வரங்களை வைத்துக்கொண்டு ஸாவை மட்டும் வேறு ஸ்வரத்துக்கு மாற்றினால் ராகம் மாறிவிடும். கச்சேரியில் அது அபூர்வமாக வரும் அழகு. ஜாஸில் பேஸ் வாசிப்பவர் அதைப் பாட்டு முழுக்கச் செய்துகொண்டிருக்கிறார்.

முதல் படி: ஒரே நோட்டைக் கீழிருந்து மாற்றிப் பாருங்கள்

கீபோர்டு ஆப்பில் நடு சிக்கு மேலே உள்ள ஈ நோட்டை அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள், அல்லது ஒரு நிமிடம் பதிவு செய்து ஓட விடுங்கள். இதுதான் உங்கள் கிட்டார் சோலோ. ஒரே ஒரு நோட்.

இப்போது பேஸில் ஏ தந்தியின் மூன்றாம் ஃப்ரெட், அதாவது சி. மேலே இருக்கும் ஈ இப்போது மேஜர் தேர்ட், நம் கணக்கில் அந்தர காந்தாரம். நிறைவாக, வீட்டுக்கு வந்தது போல இருக்கும். அடுத்து ஈ தந்தியின் ஐந்தாம் ஃப்ரெட்டில் ஏ. அதே ஈ பஞ்சமம் ஆகிவிட்டது. உறுதி இருக்கும், நிறம் குறைவு. ஈ தந்தியின் முதல் ஃப்ரெட்டில் எஃப் வாசியுங்கள். ஈ இப்போது மேஜர் செவன்த், காகலி நிஷாதம். லேசாக ஏங்கும். ஏ தந்தியின் ஐந்தாம் ஃப்ரெட்டில் டி போனால் அது ரிஷபம். ஜாஸில் இதை நைன்த் என்பார்கள், ஒரு ஆக்டேவ் தள்ளி வரும் இரண்டாவது ஸ்வரம் என்பதால். ஈ தந்தியின் இரண்டாம் ஃப்ரெட், எஃப் ஷார்ப்: மைனர் செவன்த், கைசிகி நிஷாதம். ஏ தந்தியின் முதல் ஃப்ரெட், பி ஃப்ளாட்: பிரதி மத்யமம், ஜாஸில் ஷார்ப் லெவன்.

மேலே எதுவும் மாறவில்லை என்பதை மறக்காதீர்கள். மாற்றியது எல்லாம் நீங்கள்.

இதை ஒருநாள் செய்துவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள். குறைந்தது ஒரு வாரம், தினமும் பத்து நிமிடம் செய்யுங்கள். கண்ணை மூடிக்கொண்டு யாராவது பேஸ் நோட்டை மாற்றினால், "இது தேர்ட், இது நைன்த்" என்று சொல்ல வரவேண்டும். இந்த ஒன்று காதில் உட்கார்ந்துவிட்டால் மற்ற தியரியெல்லாம் இதற்குப் பெயர் வைப்பதுதான்.

இரண்டாம் படி: மூன்றும் ஏழும்

ஜாஸில் அதிகம் வரும் கார்டு நகர்வு டூ-ஃபைவ்-ஒன், அதாவது கீயின் இரண்டாவது, ஐந்தாவது, ஒன்றாவது ஸ்வரங்களில் நிற்கும் கார்டுகள். சி கீயில் டி மைனர் செவன், ஜி செவன், சி மேஜர் செவன். இதை மட்டும் வைத்தே இந்தக் கட்டுரையின் பெரும்பகுதியைப் பார்க்கலாம். ஒரு கீயில் ஆழமாகப் புரிந்தால் மற்ற கீகள் ஃப்ரெட்டை நகர்த்துவதுதான்.

மூன்று கார்டுகளையும் பேஸில் பிரித்து வாசியுங்கள். டி மைனர் செவனுக்கு டி, எஃப், ஏ, சி. ஜி செவனுக்கு ஜி, பி, டி, எஃப். சி மேஜர் செவனுக்கு சி, ஈ, ஜி, பி. ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு.

இந்த நான்கில் ரூட் நம் வேலை. ஐந்தாவது பெரிதாக எதையும் சொல்லாது. கார்டு மைனரா மேஜரா, நிலையானதா நகரத் துடிப்பதா என்று சொல்வது மூன்றாவதும் ஏழாவதும்தான். இவற்றுக்குக் கைடு டோன் என்று பெயர். சோலோ வாசிப்பவர் கார்டைக் காட்ட நினைத்தால் அழுத்தமான பீட்டில் இவற்றில் ஒன்றில்தான் இறங்குவார்.

இப்போது டி தந்தியின் மூன்றாம் ஃப்ரெட்டையும் ஜி தந்தியின் ஐந்தாம் ஃப்ரெட்டையும் சேர்த்து வாசியுங்கள். எஃப், சி: டி மைனர் செவனின் மூன்றும் ஏழும். ஜி தந்தியின் விரலை மட்டும் ஒரு ஃப்ரெட் பின்னால் இழுங்கள். எஃப், பி: ஜி செவனின் ஏழும் மூன்றும். அடுத்து டி தந்தியின் விரலை ஒரு ஃப்ரெட் பின்னால் இழுங்கள். ஈ, பி: சி மேஜர் செவனின் மூன்றும் ஏழும்.

ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு விரல், ஒரு ஃப்ரெட். ரூட் டியிலிருந்து ஜிக்கும் ஜியிலிருந்து சிக்கும் பெரிய தாவல் தாவுகிறது. உள்ளே இருக்கும் குரல்கள் அரை ஸ்வரம்தான் நகர்கின்றன. நல்ல கிட்டார் சோலோ ஒன்றை மெதுவாக ஓடவிட்டுக் கேட்டால், எத்தனை நோட் பறந்தாலும் அடியில் இந்த சி-பி நகர்வோ எஃப்-ஈ நகர்வோ ஒளிந்திருப்பது கேட்கும். அதைப் பிடித்துவிட்டால் பாட்டில் எங்கே இருக்கிறோம் என்று தொலைந்துபோக மாட்டீர்கள்.

பேஸில் ரூட்டை வாசித்தபடி இந்தக் கைடு டோன்களை வாயால் பாடுங்கள். குரல் நன்றாக இருக்க வேண்டியதில்லை. பாடினால்தான் காதில் ஏறும், கையால் மட்டும் வாசித்தால் ஏறாது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மூன்றாம் படி: கிட்டார் ரூட்டிலிருந்து தொடங்குவதில்லை

பேஸ் வாசிப்பவர்கள் கார்டை ரூட்டிலிருந்துதான் நினைப்போம். சோலோ வாசிப்பவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை, ஏனென்றால் ரூட்டை நாம் சொல்லிவிட்டோம். அதனால் அவர் மூன்றாவதிலிருந்து தொடங்குவார்.

டி மைனர் செவன் வரும்போது அவர் எஃப், ஏ, சி, ஈ என்று ஏறுகிறார். தனியாகக் கேட்டால் அது எஃப் மேஜர் செவன் கார்டு. கீழே உங்கள் டி சேர்ந்ததும் அது மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது. கார்டும் தெரிகிறது, மேலே ஒரு நைன்த் நிறமும் வந்துவிடுகிறது. அதேபோல சி மேஜர் செவன் மேல் ஈ மைனர் செவன், அதாவது ஈ, ஜி, பி, டி. ஜி செவன் மேல் பி, டி, எஃப், ஏ. மூன்றுக்கும் ஒரே சூத்திரம்தான்.

டி தந்தியைத் திறந்தபடி ஒருமுறை அடித்து ஒலிக்கவிட்டு, பிறகு அதற்கு மேலே ஜி தந்தியில் ஏ, சி, ஈ வாசித்துப் பாருங்கள்: இரண்டாம், ஐந்தாம், ஒன்பதாம் ஃப்ரெட். திறந்த டி கீழே இருக்கிறவரை இந்த மூன்று நோட்டும் ஏ மைனராகக் கேட்காது, டி மைனரின் மேல்மாடியாகத்தான் கேட்கும்.

சோலோவைக் கேட்டு "அவர் ஏதோ வேறு கார்டு வாசிக்கிறாரே" என்று நீங்கள் குழம்பினால், பத்தில் எட்டு முறை இதுதான் நடந்திருக்கும்.

கிட்டார் இப்படி ஒற்றை நோட்டாக, சாக்ஸபோன் மாதிரி ஓடுவது ஒரு காலத்தில் புதுமை. 1939இல் பென்னி குட்மேன் குழுவில் சேர்ந்த சார்லி கிரிஸ்டியன் ஆம்ப்ளிஃபயரில் இணைத்த கிட்டாரோடு ஊதுகருவிகளுக்குச் சமமாக சோலோ வாசித்தார். 1942இல் இருபத்தைந்து வயதில் இறந்துவிட்டார். அந்தக் கொஞ்ச வருடங்களில் அவர் போட்ட பாதையில்தான் பின்னால் வந்தவர்கள் நடந்தார்கள்.

நான்காம் படி: இறங்கும் இடத்தைக் கேளுங்கள்

சோலோவில் கார்டுக்குச் சம்பந்தமே இல்லாத நோட்டுகள் வரும். அவற்றைத் தனித்தனியாக எடுத்து "இது எந்த ஸ்கேல்?" என்று கேட்பது வீண் வேலை. அவற்றில் பெரும்பாலானவை எங்கோ போகிற வழியில் உள்ள படிக்கட்டுகள்.

ஈ நோட்டில் இறங்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே எஃப், கீழே டி ஷார்ப், அப்புறம் ஈ. இரண்டு பக்கமும் அணைகட்டி நடுவில் இறங்குவது இது. என்க்ளோஷர் என்பார்கள். டி ஷார்ப் சி மேஜருக்கு அந்நியம், ஆனால் அடுத்த நொடி ஈ வந்ததும் யாரும் குறை சொல்வதில்லை.

வாக்கிங் பேஸ், அதாவது பீட்டுக்கு ஒரு நோட்டாக நடந்துபோகும் பேஸ், வாசிக்கும் யாருக்கும் இது புதிதல்ல. நான்காவது பீட்டில் அடுத்த ரூட்டுக்கு அரை ஸ்வரம் பக்கத்தில் நின்று, ஒன்றாவது பீட்டில் இறங்குகிறோம். கிட்டார் அதையே இரண்டு மடங்கு வேகத்தில், ரூட்டுக்குப் பதிலாக மூன்றாவதைக் குறிவைத்துச் செய்கிறது.

இன்னொன்று, இங்கேதான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். சோலோ வாசிப்பவர் அடுத்த கார்டின் நோட்டை அரை பீட், சில சமயம் இரண்டு பீட் முன்னாலேயே வாசித்துவிடுவார். சில சமயம் முந்தைய கார்டின் வாக்கியத்தை முடிக்காமல் அடுத்த பாருக்குள் இழுத்துக்கொண்டு போவார். நீங்கள் அவரைத் துரத்தக் கூடாது. உங்கள் ரூட் ஒன்றாவது பீட்டில் சரியாக விழுந்தால்தான் அவர் முன்னால் வந்தார் என்பதே கேட்பவருக்குத் தெரியும்.

ஐந்தாம் படி: ஜி செவனில் நடக்கும் எல்லாம்

இந்தப் படிக்கு நேரம் ஒதுக்குங்கள். ஜாஸ் சோலோவின் காரம் முழுக்க டாமினன்ட் கார்டில், அதாவது டூ-ஃபைவ்-ஒன்னின் ஃபைவில், இருக்கிறது. சிக்குத் திரும்பத் துடிக்கும் ஜி செவன், எவ்வளவு பதற்றத்தையும் தாங்கும். திரும்பியதும் எல்லாம் மன்னிக்கப்படும்.

நான் எழுதிய ஒரு சின்ன வாக்கியத்தை வைத்துப் பார்க்கலாம். எல்லாம் எட்டாவது நோட்டுகள், பாருக்கு எட்டு.

முதல் பார், டி மைனர் செவன்: எஃப், ஏ, சி, ஈ, டி, சி, ஏ, சி.
இரண்டாம் பார், ஜி செவன்: பி, டி, எஃப், ஏ ஃப்ளாட், ஜி, ஜி ஃப்ளாட், எஃப், டி ஷார்ப்.
மூன்றாம் பார், சி மேஜர் செவன்: ஈ, நீட்டிப் பிடிக்கவும்.

முதலில் இதை மிக மெதுவாக, ஜி தந்தியில் அதிகமாக இருக்கும்படி உங்கள் பேஸிலேயே வாசித்துப் போனில் பதிவு செய்யுங்கள். கடைசி ஈ ஒன்பதாம் ஃப்ரெட்டில் வரும். உச்ச நோட்டான ஏ ஃப்ளாட் பதின்மூன்றாம் ஃப்ரெட். பிறகு பதிவை ஓடவிட்டுக் கீழே ரூட் வாசியுங்கள்.

இனி பிரித்துப் பாருங்கள். முதல் பார் மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது என்று ஏறுகிறது, மூன்றாம் படியில் பார்த்ததுதான். கடைசி நோட் சி, டி மைனரின் ஏழாவது; அடுத்த பாரின் முதல் நோட் பி, ஜி செவனின் மூன்றாவது. கைடு டோன் நகர்வு அங்கே ஒளிந்திருக்கிறது. இரண்டாம் பாரில் பி, டி, எஃப் வரை நல்ல பிள்ளை. அப்புறம் ஏ ஃப்ளாட்: ஜிக்கு மேலே சுத்த ரிஷபம், ஜாஸில் ஃப்ளாட் நைன். அன்று மாடி அறையில் என்னை நகர வைத்த அதே நோட். ஜி ஃப்ளாட் வெறும் படிக்கட்டு. கடைசியில் எஃப், டி ஷார்ப், ஈ: அணைகட்டி இறங்கல்.

இப்போது முக்கியமான சோதனை. அதே பதிவை மறுபடி ஓடவிடுங்கள். இரண்டாம் பாரில் ஜிக்குப் பதிலாக டி ஃப்ளாட் வாசியுங்கள். ஏ தந்தியில் ஐந்து, நான்கு, மூன்று: டி, டி ஃப்ளாட், சி. கிட்டார் பகுதியில் ஒரு நோட்டைக்கூட மாற்றவில்லை. ஆனால் ஜிக்கு மேல் எரிந்துகொண்டிருந்த ஏ ஃப்ளாட், டி ஃப்ளாட்டுக்குப் பஞ்சமம் ஆகி அமைதியாகிவிட்டது. ஜிக்குப் பஞ்சமமாக இருந்த டி இப்போது ஃப்ளாட் நைன். கடைசி டி ஷார்ப், அதாவது ஈ ஃப்ளாட், ஜிக்கு மேலே நெருடலான ஃப்ளாட் தர்டீன். டி ஃப்ளாட்டுக்கு மேலே சாதுவான நைன்த்.

இதுதான் ட்ரைடோன் சப்ஸ்டிட்யூஷன். ஏன் வேலை செய்கிறது? ஜி செவனின் மூன்றாவது பி, ஏழாவது எஃப். டி ஃப்ளாட் செவனின் மூன்றாவது எஃப், ஏழாவது பி. கார்டின் முதுகெலும்பான இரண்டு நோட்டும் ஒன்றேதான், இடம் மட்டும் மாறிக்கொள்கின்றன. அதனால் ரூட்டை மாற்றினாலும் கார்டின் வேலை மாறுவதில்லை.

இதன் இன்னொரு பக்கத்தை நம் ராகப் பெயர்களில் சொன்னால் சட்டென்று பிடிபடும். ஜி செவனில் அதிகபட்சக் காரம் வேண்டும் என்றால் கிட்டார் வாசிப்பவர் ஏ ஃப்ளாட் மெலடிக் மைனரை வாசிப்பார். ஜாஸில் மெலடிக் மைனர் ஏறினாலும் இறங்கினாலும் ஒன்றுதான், ஏ ஃப்ளாட்டை ஸாவாக வைத்த கௌரிமனோகரியின் ஸ்வரங்கள். கீழே நீங்கள் ஜி வாசித்தால், அந்த ஸ்வரங்களில் பஞ்சமமே இல்லை. ரிஷபமும் காந்தாரமும் நசுங்கி, ஆல்டர்ட் ஸ்கேல் என்று அவர்கள் சொல்லும் பதற்றம் வரும். கீழே டி ஃப்ளாட் வாசித்தால் அதே ஏழு ஸ்வரமும் வாசஸ்பதி ஆகிவிடும். அந்தர காந்தாரம், பிரதி மத்யமம், பஞ்சமம், கைசிகி நிஷாதம் எல்லாம் வரிசையாக நிற்கும். லிடியன் டாமினன்ட் என்பது அதன் ஜாஸ் பெயர். ராகம் என்பது வெறும் ஸ்வர வரிசை இல்லை, பிடிப்பும் கமகமும் சேர்ந்தது என்பது உங்களுக்குத் தெரியும். இங்கே வரிசையை மட்டும் அடையாளத்துக்கு எடுத்துக்கொள்கிறோம்.

அப்படியானால் மேடையில் நீங்கள் என்ன செய்ய வேண்டும்? ஜி செவனில் கிட்டார் ஏ, ஈ போன்ற நோட்டுகளைத் தொட்டால் அவர் சாதுவாகப் போகிறார். நீங்கள் ஜி, ஏ, பி என்று இயல்பாக நடக்கலாம். ஏ ஃப்ளாட், பி ஃப்ளாட், ஈ ஃப்ளாட் கேட்டால் அவர் காரமாகப் போகிறார். அப்போது நீங்கள் இயல்பான ஏ-வை அழுத்தி வாசித்தால் அவருடைய ஏ ஃப்ளாட்டோடு மோதும். ஜி, எஃப், ஈ ஃப்ளாட், டி ஃப்ளாட் என்று இறங்கி சிக்கு வாருங்கள். அவருடைய நிறத்துக்குள்ளேயே இருப்பீர்கள், கடைசி டி ஃப்ளாட் சிக்குக் கதவும் திறக்கும். கேட்ட அந்த நொடியிலேயே மாற வராது. அடுத்த சுற்றில் அதே இடம் வரும்போது மாறினால் போதும். ஒரே பாட்டில் அந்த இடம் பல முறை வரும்.

மைனர் கீயில் இதே கதைதான், பி மைனர் செவன் ஃப்ளாட் ஃபைவ், ஈ செவன், ஏ மைனர் என்று. ஈ செவனில் ஜி ஷார்ப் கேட்கும். கீரவாணி தெரிந்த காதுக்கு அது பழகிய ஒலி, நீட்டி விளக்கத் தேவையில்லை.

ஆறாம் படி: ப்ளூஸ்

டூ-ஃபைவ்-ஒன் காதில் ஏறிய பிறகு எஃப் கீயில் ஜாஸ் ப்ளூஸ் எடுத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு பார். அடிப்படை வடிவம் இது: எஃப் செவன், பி ஃப்ளாட் செவன், எஃப் செவன் இரண்டு பார், பி ஃப்ளாட் செவன் இரண்டு பார், எஃப் செவன், டி செவன், ஜி மைனர் செவன், சி செவன், எஃப் செவன், கடைசியில் சி செவன். ஒவ்வொருவரும் இதில் சில்லறை மாற்றம் செய்வார்கள்.

இதில் இரண்டு இடங்களைக் கவனியுங்கள். எஃப் செவனின் மூன்றாவது ஏ. பி ஃப்ளாட் செவனின் ஏழாவது ஏ ஃப்ளாட். ஏ-யிலிருந்து ஏ ஃப்ளாட்டுக்கு இறங்கினால் கார்டு மாறியது குழந்தைக்கும் கேட்கும். ஆனால் கிட்டார் வாசிப்பவர் எஃப் செவன் மேலேயே ஏ ஃப்ளாட்டைத் தொட்டு ஏ-வுக்குத் தள்ளுவார், அது ப்ளூஸின் குரல். ஆக ஏ ஃப்ளாட் கேட்டவுடன் பி ஃப்ளாட் வந்துவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள். பார் எண்ணிக்கை உங்கள் கையில் இருக்கட்டும்.

இரண்டாவது இடம் எட்டாம் பாரின் டி செவன். அங்கே எஃப் ஷார்ப் எட்டிப் பார்க்கும், அதுவரை பாட்டில் இல்லாத நோட். நல்ல சோலோவில் அந்த எஃப் ஷார்ப் அடுத்த பாரின் ஜிக்குப் படியாக நிற்கும். பன்னிரண்டு பாரில் தொலைந்துபோனால், அந்த எஃப் ஷார்ப்பைக் காத்திருந்து பிடித்துக்கொண்டு மறுபடி வரிசைக்கு வந்துவிடலாம். நான் பல முறை அப்படித்தான் கரை சேர்ந்திருக்கிறேன்.

ஏழாம் படி: கார்டே மாறாத பாட்டுகள்

மைல்ஸ் டேவிஸ் 1959இல் பதிவு செய்த 'ஸோ வாட்' முப்பத்திரண்டு பார். முதல் பதினாறு பார் டி டோரியன், அடுத்த எட்டு ஈ ஃப்ளாட் டோரியன், கடைசி எட்டு மறுபடி டி டோரியன். டோரியன் என்பது கரகரப்ரியாவின் ஸ்வர வரிசை. அதன் மெலடியைச் சொல்வது பால் சேம்பர்ஸின் பேஸ், மற்ற கருவிகள் அதற்குப் பதில் சொல்கின்றன. பேஸ் வாசிக்கும் எவரும் மனப்பாடம் செய்ய வேண்டிய பாட்டு.

இப்படிப்பட்ட பாட்டுகளில் கார்டு மாறாததால், சோலோ வாசிப்பவர் பதற்றத்தைத் தானே உண்டாக்குவார். டி டோரியனில் வாசித்துக்கொண்டே திடீரென்று எல்லாவற்றையும் அரை ஸ்வரம் மேலே தூக்கி இரண்டு பார் வாசித்துவிட்டுத் திரும்புவார். வெளியே போவது என்பார்கள். நீங்கள் அசையாமல் டி-யில் நில்லுங்கள். நீங்களும் கூடவே போனால் அது வெளியே போனதாகாது, சாதாரண கீ மாற்றம் ஆகிவிடும். முன்பு தம்பூரா நகரும் என்றேன். இங்கே மட்டும் அது உண்மையான தம்பூரா.

காதால் எடுத்து எழுதுங்கள்

இவ்வளவும் தெரிந்த பிறகு ஒரு சோலோவை எடுத்து உட்காருங்கள். முழு சோலோ வேண்டாம், நான்கு பார் போதும். யூடியூபில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம். முதலில் பேஸ் வாசிப்பதைக் கண்டுபிடித்து எழுதுங்கள். பலர் நேராக சோலோவுக்குப் போய்விடுகிறார்கள், அது தலைகீழ். கீழே உள்ளதை எழுதிய பிறகு, மேலே ஒவ்வொரு அழுத்தமான பீட்டிலும் விழும் நோட்டை மட்டும் எழுதி, அது பேஸ் நோட்டிலிருந்து எத்தனையாவது என்று எண் போடுங்கள். இடையில் உள்ளவை கடைசியில்.

யாராவது எழுதிவைத்த கிட்டார் டேப் (தந்தி, ஃப்ரெட் எண்களாக எழுதிய குறிப்பு) கிடைத்தால், உங்களுக்கு ஒரு கணக்கு உதவும். கிட்டாரின் கீழ் நான்கு தந்திகளின் ட்யூனிங்கும் உங்கள் பேஸின் ட்யூனிங்கும் ஒன்றே, பேஸ் ஒரு ஆக்டேவ் கீழே ஒலிக்கும், அவ்வளவுதான். அந்த நான்கு தந்திகளில் உள்ளதை அப்படியே வாசிக்கலாம். கிட்டாரின் பி தந்தியில் உள்ள ஃப்ரெட் எண்ணோடு நான்கு கூட்டி உங்கள் ஜி தந்தியில் வாசியுங்கள். அதன் மேல் ஈ தந்திக்கு ஒன்பது கூட்ட வேண்டும். ஃப்ரெட் தீர்ந்துபோனால் ஒரு ஆக்டேவ் கீழே இறக்கிக்கொள்ளுங்கள்.

யாரைக் கேட்பது? நான் வெஸ் மாண்ட்கோமரியிலிருந்து தொடங்கச் சொல்வேன். பிக் இல்லாமல் கட்டைவிரலால் வாசித்தவர். பெரும்பாலும் ஒற்றை நோட்டில் தொடங்கி, பிறகு ஆக்டேவ், கடைசியில் கார்டுகள் என்று சோலோவைக் கட்டியெழுப்புவார், அதனால் எங்கே இருக்கிறார் என்று பின்தொடர்வது எளிது. 1965இல் நியூயார்க்கின் ஹாஃப் நோட் கிளப்பில் விண்டன் கெல்லி ட்ரையோவோடு அவர் வாசித்த பதிவுகளில் பேஸ் அதே பால் சேம்பர்ஸ். வெஸ்ஸின் அண்ணன் மங்க் மாண்ட்கோமரி, 1950களின் தொடக்கத்தில் லயனல் ஹாம்ப்டன் குழுவில் எலெக்ட்ரிக் பேஸைக் கையில் எடுத்தவர். ஜாஸுக்குள் அந்தக் கருவியை முதலில் கொண்டுவந்தவர்களில் ஒருவர். ஒரே வீட்டில் இப்படி ஒரு கிட்டாரும் ஒரு பேஸும் இருந்தது எனக்கு எப்போது நினைத்தாலும் மகிழ்ச்சி தரும் விஷயம்.

ராக் பக்கம் காது பழகியவர்களுக்கு, ஸ்டீலி டான் குழுவின் 1976 பதிவான 'கிட் சார்லமேன்'. சோலோ லாரி கார்ல்டன், பேஸ் சக் ரெய்னி. ராக் கிட்டாரின் ஒலியில் ஜாஸின் கார்டு அறிவு எப்படி ஓடுகிறது என்று அதில் தெளிவாகக் கேட்கும். ஆனால் முதல் மாதத்தில் அதைத் தொடாதீர்கள், கார்டுகள் வேகமாக மாறும்.

ஏழு மோடுகளையும் (ஒரே ஸ்கேலை அதன் ஒவ்வொரு நோட்டிலிருந்தும் தொடங்கினால் கிடைக்கும் வரிசைகள்) முதலில் மனப்பாடம் செய்துவிட்டு வருகிறேன் என்று யாராவது சொன்னால் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். சி கீயின் டூ-ஃபைவ்-ஒன்னில் கிட்டார் வாசிப்பவர் கையில் இருப்பது அதே ஏழு வெள்ளை நோட்டுகள்தான். நீங்கள் டி வாசித்தால் அது கரகரப்ரியா, ஜி வாசித்தால் ஹரிகாம்போஜி, சி வாசித்தால் சங்கராபரணம். மோடு மாற்றுவது அவர் இல்லை.

கிட்டார் வாசிக்கும் நண்பர் ஒருவர் இருந்தால், ஐந்தாம் படியில் உள்ள மூன்று பார் வாக்கியத்தை அவரிடம் கொடுத்து, எதையும் மாற்றாமல் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்லுங்கள். நீங்கள் ஒரு சுற்றில் ஜி, அடுத்த சுற்றில் டி ஃப்ளாட், அதற்கு அடுத்ததில் நான்கு பீட்டும் ஜி, எஃப், ஈ ஃப்ளாட், டி ஃப்ளாட் என்று மாற்றிக்கொண்டே போங்கள். பத்து சுற்று ஆனதும் நிறுத்தி, எந்தச் சுற்றில் தன் ஏ ஃப்ளாட் அவருக்குப் பிடித்திருந்தது என்று கேளுங்கள்.